கடைசி ஜெர்சி போற வரைக்கும்

வாங்க சார், இப்படிக் குந்துங்க. கடை தெறந்துதான் இருக்குது. தெருவே காலியா இருக்குதேன்னு பாக்குறீங்களா? எல்லாம் கிரவுண்டுக்குப் போயிட்டாங்க. இன்னைக்கு செமி ஃபைனல், நாலு மணிக்கு. ஷேவிங் மட்டும்தானே? பத்து நிமிஷ வேலை. நிச்சயதார்த்தத்துக்கு வந்திருக்கீங்களா, அந்த மஞ்ச பெயிண்ட் அடிச்ச வீடு? அது ஆறு மணிக்குத்தான். நேரம் கெடக்குது, தலையை இப்படிச் சாயுங்க.

இன்னா சார், என் மூஞ்சியவே பாக்குறீங்க. பரவால்ல, எல்லாரும் பாக்குறதுதான். அடுத்தவனுக்கு சவரம் பண்றவன் மார் வரைக்கும் தாடி வெச்சுகினு நின்னா யாருக்குத்தான் உள்ள வரத் தோணும். போன வாரம் ஒருத்தர் வாசப்படி வரைக்கும் வந்து என்னைப் பாத்துட்டு, ஜோசியம் பாக்குற எடமான்னு கேட்டாரு. இல்லீங்க, சலூன்தான்னேன். திரும்பிப் போயிட்டாரு. இது சாமிக்கு விட்ட தாடி இல்ல சார். எபிக்கு விட்டது.

எபின்னா எபினேசர். எங்க டீம் ஸ்ட்ரைக்கர், ஒம்பதாம் நம்பர். லைன் பாய்ஸ்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, இந்த ரயில்வே லைன் பக்கத்து டீம். இல்லியா? எந்த ஊர் சார் நீங்க? திருத்தணியா. சரி, அப்ப தெரியாது.

கண்ணாடில பாருங்க, உங்க பின்னாடி சுவத்துல வரிசையா பதினோரு ஆணி தெரியுதா? மேட்ச் அன்னைக்குக் காலையில எங்க டீம் ஜெர்சியெல்லாம் அதுலதான் தொங்கும். எங்க கிளப்பு வழக்கம் இது. அன்னைக்கு ஆடப்போற பதினோரு பேரோட ஜெர்சி மட்டும் தொங்கும். வருவான், பாப்பான், தன் நம்பர் இருந்தா எடுத்துகினு கெளம்பிடுவான். இல்லன்னா ஒண்ணியும் பேசாம வீட்டுக்குப் போயிடுவான். நீ இல்லடான்னு யாரும் யார் மூஞ்சியையும் பாத்து சொல்ல வேணாம். முன்ன ஒரு தடவை மூஞ்சியைப் பாத்து சொல்லி, மண்டை ஒடைஞ்சு, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிடுச்சு. அதுக்கு அப்பால வந்த ஏற்பாடு. இருவத்தாறு வருஷமா என் கடை சுவத்துலதான் தொங்குது. அதனால இன்னா ஆச்சுன்னா, கடைசி ஜெர்சி போற வரைக்கும் நான் கடையை மூடக் கூடாது. அதுவும் வழக்கம்தான். இல்லன்னா நான் இந்நேரம் இங்க நிப்பனா? கோல்போஸ்ட் பின்னாடி நின்னுகினு இருப்பேன்.

ஆமா சார், ஒண்ணு இன்னும் தொங்குது. ஒம்பதுதான். வருவான். வந்துகினே இருப்பான்.

சோப்பு காயுதா? இருங்க, மறுபடி தடவுறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க அவனைப் பாத்திருக்கணும். ஒரு சீசன்ல இருவத்திரெண்டு கோல். காலையில தண்ணி கேன் போடுவான், மூணு மாடி நாலு மாடின்னு தோள்ல வெச்சு ஏத்துவான், சாயங்காலம் வந்து ஆடுவான். அந்த வருஷம் ஃபைனல்ல கடைசி நிமிஷம், தலையால முட்டி ஒரு கோல். போட்டவன் கூட ஆடுறவனுங்ககிட்ட ஓடல. நேரா கோல்போஸ்ட் பின்னாடி வந்து என்னைக் கட்டிப் புடிச்சான். 'தேசிங்கண்ணே, நீ கத்துனது கேட்டுச்சுண்ணே'ன்னான். சார், அதுவரைக்கும் இந்த ஏரியாவுல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்ட்டது இல்ல. சலூன்காரரேம்பாங்க. அன்னையிலேருந்துதான் நான் தேசிங்கு. பெரிய பெரிய ஆளுங்ககூட வண்டியை நிறுத்தி, இன்னா தேசிங்கு, உங்க எபி எப்படி இருக்கான்னு கேட்டுட்டுப் போனாங்க. அதை மறக்க முடியுமா சொல்லுங்க.

அப்பால இன்னா ஆச்சோ தெரியல. மொதல்ல ரெண்டு மேட்ச் கோல் இல்ல. சரி, எல்லாருக்கும் நடக்குறதுதான். மூணு ஆச்சு, நாலு ஆச்சு. தோ இந்த பெஞ்ச் இருக்குது பாருங்க, இதுலதான் பேச்சு ஆரம்பிச்சுது. லோகநாதன்னு ஒருத்தரு, ரயில்வே ஒர்க்ஷாப்புல இருந்து ரிட்டயர் ஆனவரு. எங்க கிளப்புல எதுவா இருந்தாலும் மொதல்ல குறை சொல்ற ஆளு. 'இவன் கதை முடிஞ்சுதுப்பா, வேற ஆளைப் பாருங்க'ன்னாரு. எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. கையில கத்தி, எதிர்ல கஸ்டமர், பெஞ்சு நெறைய ஆளு, வாசல்ல நின்னவங்களைச் சேத்தா நாப்பது பேர் இருப்பாங்க. அத்தினி பேர் முன்னாடி சொல்லிட்டேன். எபி அடுத்த கோல் போடுற வரைக்கும் என் மூஞ்சியில கத்தி படாதுன்னு.

எல்லாரும் கை தட்டுனாங்க சார். எபியும் அங்கதான் இருந்தான். அவன் கை தட்டல, தலையைக் குனிஞ்சுகினான். வெக்கப்பட்டான்னு நெனைக்கிறேன்.

அடுத்த ஞாயித்துக்கெழமையே வழிச்சுடலாம்னு நெனைச்சுத்தான் சொன்னேன். இப்ப பதினோரு மாசம் ஆவுது. பதினாறு மேட்ச்.

தோ, கண்ணாடி மூலையில சாக்பீஸ்ல பதினாறுன்னு போட்டிருக்குது பாருங்க. நான்தான் எழுதுறேன். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் ஒண்ணு ஏத்துவேன். அவனுக்கு ஒரு ரோஷம் வரட்டுமேன்னு. முன்னல்லாம் மேட்ச் அன்னைக்கு காலையில வந்து இந்த சேர்லதான் ஷேவிங் பண்ணிக்குவான். அப்ப நேரா அந்த நம்பரைப் பாப்பானில்ல. இப்ப ரெண்டு மாசமா வர்றதில்ல, ஜெர்சியைக்கூட கூட ஆடுற பையன் எவனாவது வந்து வாங்கிகினு போறான். வீட்லயே பண்ணிக்கிறானாம். எனக்கு எதுக்கு செரமம் குடுக்கணும்னு நெனைக்கிற பையன் சார். தண்ணி கேன் வண்டிகூட இப்ப இந்தத் தெரு வழியா வர்றதில்ல, கோயில் தெருவைச் சுத்திப் போறான். இங்க பள்ளம் தோண்டிப் போட்டாங்க இல்ல, அதனால. பள்ளத்தை மூடிட்டாங்க, அது அவனுக்குத் தெரியல போல.

கன்னத்தை உப்புங்க சார். ஆ, அப்படித்தான்.

ஆட்டம் எப்படி ஆடுறான்னு கேட்டீங்கன்னா, அதைத்தான் சொல்ல வர்றேன். பந்து கெடைக்காம இல்ல. போன மேட்ச்சுல, ஆறு அடி சார், இந்த சேர்லேருந்து அந்த வாசப்படி தூரம். கீப்பர் கீழ கெடக்குறான். முன்னாடி கோல்போஸ்ட் மட்டும்தான். கொழந்தைகூட தட்டி விட்டுடும். நான் பின்னாடி நின்னு தொண்டை கிழியக் கத்துறேன், அடிடா எபி, என் தாடியைப் பாருடா, அடிடான்னு. அவன் தலையைத் தூக்கி என்னைப் பாத்தான். பாத்துட்டு, பந்தைத் திருப்பிப் பின்னாடி நின்னவனுக்குக் குடுத்துட்டான்.

அன்னைக்கு ராத்திரி நான் சோறு துன்னல. வீட்டுக்காரி பேரு கஸ்தூரி. அவ சொல்றா, நீ கொஞ்ச நாளு கோல்போஸ்ட் பின்னாடி நிக்காம இருந்து பாரேன்னு. பொம்பளைக்கு ஃபுட்பால் பத்தி இன்னா தெரியும். கஷ்டத்துல இருக்குறவனை விட்டுட்டு வேற எங்க போயி நிக்கிறது?

சரி, இன்னைக்கு காலையில நடந்ததுக்கு வர்றேன். கோச்சு ஆல்பர்ட்டுன்னு ஒருத்தர். பத்து பேரை அவர் முடிவு பண்ணுவாரு. ஒம்பதாம் நம்பரை மட்டும் எங்ககிட்ட விட்டுட்டாரு. 'உங்க பெஞ்சோட மல்லுக்கட்ட என்னால ஆவாது, நீங்களே முடிவு பண்ணி மாட்டுங்க'ன்னுட்டாரு. ஏழு மணிக்கு, என்னைச் சேக்காம, எட்டு பேர் குந்துனாங்க. லோகநாதன் எடுத்தவொடனே, 'பதினாறு மேட்ச் சான்ஸ் குடுத்தாச்சு. வினோத்துன்னு ஒரு பையன் ஒரு வருஷமா தண்ணி பாட்டில் தூக்கிகினு நிக்கிறான். அவனுக்கு எப்ப?'ன்னாரு. டீக்கடை அன்சாரி பாய் எங்க பக்கம். 'இன்னும் ஒரு மேட்ச் பாக்கலாம், இருவத்திரெண்டு கோல் போட்டவன் கால் மறந்துடாது'ன்னாரு. அதுக்கு லோகநாதன், 'கால் மறக்கல பாய், பயந்துடுச்சு'ன்னாரு. பாய் டீ கிளாஸை வெச்சுட்டு, 'கால் எங்க பயப்படும், ஆளுதான் பயப்படுவான்'னாரு. அப்பறம் என்னைப் பாத்து, 'அவன்கிட்ட யாராவது கேட்டீங்களா?'ன்னாரு. எதைக் கேக்குறது? சான்ஸ் வேணாம்னு எவன் சொல்லுவான்?

கை தூக்கச் சொன்னாங்க. நாலுக்கு நாலு. அப்படி ஆச்சுன்னா ஆணி யாரு சுவத்துல இருக்குதோ அவன் சொல்றதுதான் முடிவு. அதுவும் எங்க வழக்கம். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. லோகநாதன் நக்கலா, 'அவர்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? எபி ஆடலன்னா கோல் இல்ல, கோல் இல்லன்னா தாடி போவாது. அவர் தாடிக்குத்தான் ஓட்டு போடுவாரு'ன்னாரு. பெஞ்சே சிரிச்சுது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ரெண்டு நாளு முன்னாடி எம் பொண்ணை காலேஜ்ல கொண்டு வுடப் போனேன். கேட்டுக்கு அம்பது அடி முன்னாடியே எறங்கிக்கினா. 'இங்கயே போதும்பா'ன்னா. நான் இதையெல்லாம் யார்கிட்ட சொல்றது? வெயில் காலத்துல கழுத்தெல்லாம் வேர்க்குரு. சோப்பு நொரை தொட்டுத் தொட்டு இந்த நுனி மட்டும் வெளுத்துப் போச்சு பாருங்க. இவ்ளோவும் அவனுக்காகத் தாங்குறேன், தாடிக்கு ஓட்டு போடுறேன்றாரு. நான் எழுந்து ஒம்பதை எடுத்து ஆணில மாட்டிட்டேன்.

இருங்க சார். விசில் கேட்டுச்சா? ஆரம்பிச்சுட்டாங்க. கிரவுண்டு இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான், ரெண்டு தெரு தள்ளி. ஆரம்பிச்சா இன்னா, நடுவுல எறங்கலாம். ஹாஃப் டைமுக்குள்ள வந்தாக்கூட போதும்.

ஏன் அவனைப் போயி கூட்டிகினு வரலன்னு கேக்குறீங்களா? வந்தான் சார். பன்னெண்டு மணிக்கு வந்தான்.

நான் தனியாத்தான் இருந்தேன். மத்த பத்து ஜெர்சியும் போயிடுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு வாசல்ல எபி. எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா. வாடா வாடான்னு துண்டை உதறிப் போட்டேன். அவன் சேர்ல குந்தல. சுவத்தைப் பாத்தான். ஒம்பது தொங்குது. அவன் மூஞ்சி எப்படிப் போச்சுன்னா, ஆஸ்பத்திரில ரிப்போர்ட்டு வாங்கிப் பாக்குறவங்க மூஞ்சி மாதிரி.

'அண்ணே, அதைக் கழட்டி வெச்சுடுண்ணே'ன்னான்.

நான் சிரிச்சேன். 'நாலுக்கு நாலுடா, நான்தான் உன்னைக் காப்பாத்தினேன்'னேன்.

'காலையில கோயில் தெரு முனையில நின்னுகினு இருந்தேண்ணே. லோகநாதண்ணன் இன்னைக்காவது ஜெயிச்சுடுவாருன்னு பாத்தேன்'ன்னான். 'எனக்கு பந்து வர்றதைப் பாத்தாலே எங்கயாவது ஓடிடணும்போல இருக்குதுண்ணே. கேன் தூக்குறப்போ மூணாவது மாடில நின்னு, இன்னைக்கு கால் சுளுக்கிக்குமான்னு பாக்குறேன். ஒரு வருஷமா இப்படித்தான். ஆட வேணாம்ணே. நான் சும்மா வந்து மேட்ச் பாக்குறேன். எனக்கு மேட்ச் பாக்கணும்போல இருக்குது.'

இந்த மாதிரி அவன் சொல்றது மூணாவது தடவை. மழைக்காலத்துல ஒரு தடவை சொன்னான், பொங்கலுக்கு ஒரு தடவை. ரெண்டு தடவையும் நான்தான் தைரியம் சொல்லி அனுப்பி வெச்சேன். பெரிய ஆட்டக்காரனுங்க எல்லாருக்கும் இந்தப் பயம் வரும் சார். அந்த நேரத்துல நாம விட்டுட்டா அவ்ளோதான். அதனால இப்பவும் ஒண்ணே ஒண்ணு சொன்னேன். 'டேய், என் மூஞ்சியைப் பாருடா'ன்னேன்.

பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். அப்பறம் இன்னா பண்ணான் தெரியுமா? தோ, இந்த கிண்ணத்தை எடுத்தான். பிரஷ்ஷைத் தண்ணில முக்கி நொரை கட்டினான். கத்திரியை எடுத்து வெச்சான், புது பிளேடைப் பிரிச்சு மாட்டினான். எல்லாம் என்னைப் பாத்துப் பழகினதுதானே. சேரைத் துண்டால தட்டிட்டு, 'குந்துண்ணே'ன்னான். 'நானே வழிச்சு வுடறேன். யாராவது கேட்டா நான் சொல்லிக்கிறேன். நாப்பது பேருல முப்பது பேருக்கு ஞாபகமே இல்லண்ணே. நீயும் போ, நானும் போறேன்.'

ஒரு வருஷத்துல அவன் இவ்ளோ நிதானமா ஒரு வேலை பண்ணி நான் பாத்தது அப்பத்தான் சார்.

நான் அவன் மணிக்கட்டைப் புடிச்சுகினேன். எப்படி சார் குந்துறது? நாப்பது பேர் முன்னாடி சொன்ன வார்த்தை. நாளைக்கு வழிச்ச மூஞ்சியோட இந்த பெஞ்சு முன்னாடி எப்படி நிப்பேன்? லோகநாதன் இன்னா சொல்லுவாரு? 'வேணாம்டா எபி, நீ கோல் போடு, நான் அங்கயே கிரவுண்டுலயே வழிச்சுக்கிறேன்'னேன். அவன் பிளேடைக் கீழ வெச்சான். போறப்போ கண்ணாடிகிட்ட நின்னு, அந்த பதினாறைக் கட்டை விரலால அழிச்சுட்டுப் போனான். அவன் போனப்பறம் நான் மறுபடி எழுதி வெச்சேன். அழிச்சுட்டா நடந்தது இல்லேன்னு ஆயிடுமா?

ஆனா சரிண்ணேன்னு சொல்லிட்டுத்தான் போனான். ஜெர்சியை எடுக்க மறந்துட்டான், அவ்ளோதான்.

அய்யய்யோ, சோப்பு மறுபடி காஞ்சுபோச்சா? மன்னிச்சுக்குங்க சார். ஒரு பக்கம்தான் முடிச்சிருக்கேன். இருங்க, இப்ப ஆயிடும்.

கேட்டுச்சா? கேட்டுச்சா சார்?

கோல். இது நம்ம ஆளுங்க கத்துற கத்து. எதிர் டீம் ஆளுங்க ஒரு லாரி நெறையத்தான் வந்திருக்கானுங்க, அவனுங்களால இவ்ளோ சத்தம் போட முடியாது. சுவரே அதிருது பாருங்க. ஒரு நிமிஷம், போன் அடிக்குது. லோகநாதன்தான்.

சொல்லுங்கண்ணே. ஆமா, கேட்டுச்சு. யாரு? வினோத்தா? எபி வரலன்னு ஆல்பர்ட்டு அவனை எறக்கி விட்டாரா? எறங்கி எட்டு நிமிஷத்துலயா? சரி. சரிண்ணே. எபியா? இல்ல, அவன் இன்னும் ஜெர்சி எடுக்கல, இங்க வருவான்னு நான்... எங்க? உங்க பக்கத்துலயா?

சரிண்ணே. வெச்சுடறேன்.

எபி அங்க இருக்கானாம் சார். கட்டம் போட்ட சட்டை போட்டுகினு வந்திருக்கானாம். கோல்போஸ்ட் பின்னாடி, நான் எப்பவும் நிக்கிற எடத்துல நிக்கிறானாம். வினோத் அடிச்சதும் மொதல்ல கத்துனது அவன்தானாம். வினோத் நேரா ஓடி வந்து அவனைத்தான் கட்டிப் புடிச்சானாம். 'உன் எபி இப்படிச் சிரிச்சு ஒரு வருஷமாச்சு தேசிங்கு, வந்து பாரு'ன்றாரு. அவன் கதை முடிஞ்சுதுன்னு சொன்ன அதே லோகநாதன்தான் சார் இதைச் சொல்றாரு.

நம்ம டீம் கோல் போட்டிருக்குது. நான் குதிக்கணும் இல்ல? இருவத்தாறு வருஷமா இந்த டீமுக்காகக் கத்துனவன் நான். சத்தம் கேட்டவொடனே என் கை எங்க போச்சு பாத்தீங்களா? தாடிக்குப் போச்சு. அப்பறம் திரும்பி ஆணியைப் பாத்தேன், ஜெர்சி அங்கயே தொங்குது. நம்ம டீம் கோலு, எனக்கு வயிறு எரியுது சார். இப்படி ஒரு நாளும் எனக்கு ஆனதில்ல. ஆம்பளை வாய்விட்டு சொல்லக்கூடாது, சொல்றேன், எனக்கு அழுகை வருது.

போயிப் பாக்கலாம்தான். எப்படிப் போறது? ஜெர்சி தொங்குதே. கடைசி ஜெர்சி போவாம கடையை மூடக் கூடாதுன்னு சொன்னேனில்ல.

சார், உங்களுக்கு அடுத்தவங்களுக்கு ஷேவிங் பண்ணிவிட்டுப் பழக்கம் உண்டா? அப்பாவுக்கா? படுக்கையில இருந்தப்போ பண்ணி விட்டிருக்கீங்களா. அப்ப கை பழகியிருக்கும். பிளேடு புதுசு, எபி மாட்டினது, அப்படியே இருக்குது. கதவை ஒருக்களிச்சு வெச்சுட்டு நான் அஞ்சே நிமிஷம் இந்த சேர்ல...

இல்ல. வேணாம் சார். சும்மா கேட்டேன். நீங்க எழுந்துக்காதீங்க, குந்துங்க. பாதி மூஞ்சியோட நிச்சயதார்த்தத்துக்குப் போக முடியுமா? இந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்குது.

இன்னைக்கு ஜெயிச்சா ஞாயித்துக்கெழமை ஃபைனல். வினோத் ஒரு கோல் போட்டான்னா ஒடனே இன்னா ஆயிடுச்சு? பாய்கிட்ட நான் பேசறேன். நாலு கை எனக்கு இருக்குது. ஒரே ஒரு சான்ஸ் சார், எபிக்கு. அவன்கிட்டயும் நான் பேசறேன், என் பேச்சைத் தட்ட மாட்டான்.

தலையை ஆட்டாதீங்க சார். கத்தி கழுத்துல இருக்குது.